டியூ எல்லாம் கட்டியாச்சு, இன்னும் என்ன டியூ?

வீரவநல்லூரில் இருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்கிறார். பைக் லோனுக்கு மாசாமாசம் டியூ கட்டி, கடைசி டியூவையும் முடித்துவிட்டாராம். அதற்கப்புறமும் பைனான்ஸ் கம்பெனியில் இருந்து 'டியூஸ் பெண்டிங் 450' என்று மெசேஜ் வந்துகொண்டே இருக்கிறது. கூடவே இன்னொரு சந்தேகம்: மகள் லீவ் லெட்டரில் 'ஐ வாஸ் ஆப்சென்ட் டியூ டு ஃபீவர்' என்று எழுத, டீச்சர் அந்த டியூவைச் சிவப்பு மையில் சுழித்துவிட்டார். அது ஏன்?

முதலில் பைக். நாம் டியூ என்று சொல்வது மாசத் தவணையை. வண்ணார்பேட்டையில் வண்டி எடுத்தாலும் டவுனில் செல்போன் வாங்கினாலும் 'டியூ போட்டு எடுத்தேன்' என்றுதான் சொல்வோம். இங்கிலீஷில் தவணைக்குப் பெயர் இன்ஸ்டால்மென்ட். டியூ என்றால் வர வேண்டியது, சேர வேண்டியது. டியூஸ் என்று பன்மையில் போட்டுவிட்டால் பாக்கி என்று சொல்லக்கூடிய அத்தனையும் அதற்குள் அடங்கும். தவணை மட்டுமில்லை, தாமதக் கட்டணம், என்றைக்கோ அக்கவுண்டில் காசு இல்லாமல் தவணை திரும்பிப் போனதற்குப் போட்ட பவுன்ஸ் சார்ஜ், எல்லாம்தான். உங்கள் 450 ரூபாய் அநேகமாக அந்தக் கடைசி ரகம். ஆபீஸில் ஸ்டேட்மென்ட் ஆஃப் அக்கவுண்ட் கேட்டு வாங்குங்கள், எந்தத் தேதியில் எதற்காகப் போட்டார்கள் என்று வரிவரியாக இருக்கும். சரியென்று பட்டால் கட்டிவிடலாம், படாவிட்டால் எழுத்தில் கேளுங்கள்.

எழுதும்போது 'ஐ ஹேவ் பெய்டு ஆல் தி டியூ' என்று மட்டும் எழுத வேண்டாம், அவர்கள் கணக்கில் பாக்கி நிற்கும்போது அந்த வாக்கியம் உங்களுக்கு உதவாது. 'ஐ ஹேவ் பெய்டு ஆல் தி இன்ஸ்டால்மென்ட்ஸ். ப்ளீஸ் எக்ஸ்பிளெய்ன் தி 450 ருபீஸ் ஷோன் அஸ் டியூ' என்று எழுதுங்கள், அதற்கு அவர்கள் கணக்கு சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லாம் தீர்ந்ததும் நோ டியூஸ் சர்டிபிகேட்டோடு என்ஓசியும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்), 35ஆம் நம்பர் படிவமும் (கடன் தீர்ந்தது என்று ஆர்டிஓவுக்குச் சொல்வது) கேட்டு வாங்கி ஆர்டிஓ ஆபீஸில் கொடுத்தால்தான் ஆர்சியில் இருந்து பைனான்ஸ் பெயர் போகும். நிறைய பேர் இதை அப்படியே விட்டுவிட்டு, வண்டியை விற்கப் போகும்போது முழிக்கிறார்கள்.

இன்னொன்று, 'இஎம்ஐ இஸ் டியூ ஆன் 5' என்று மெசேஜ் வந்தால் பதற வேண்டாம். 5ஆம் தேதி கட்ட வேண்டிய முறை வருகிறது என்று சொல்கிறார்கள், நீங்கள் தவறிவிட்டீர்கள் என்று இல்லை. தேதி தாண்டினால்தான் ஓவர்டியூ. அது 90 நாளைத் தாண்டினால் ரிசர்வ் வங்கி விதிப்படி அந்தக் கடன் வாராக்கடன். கிரெடிட் கார்டில் வரும் 'மினிமம் அமவுண்ட் டியூ' இன்னும் மோசமான வலை. அதை மட்டும் கட்டினால் தாமதக் கட்டணம் வராதே தவிர, மிச்சத்துக்கு வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

பணத்தை விட்டு வெளியே வந்தாலும் சங்கதி இதேதான், வர வேண்டியது வரும் நேரம். நெல்லை எக்ஸ்பிரஸ் இத்தனை மணிக்கு டியூ என்றால் அந்த நேரத்துக்கு ஜங்ஷனுக்கு வந்து சேர வேண்டும் (வருமா என்பது வேறு). ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மாசமாக இருக்கிற பிள்ளைக்கு டியூ டேட் என்று எழுதிக் கொடுப்பது, கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளில் இருந்து 280 நாளைக் கூட்டிப் போட்ட தேதி. அன்றைக்கே பிறந்தாக வேண்டும் என்று இல்லை. வண்டி 'டியூ ஃபார் சர்வீஸ்' என்றால் சர்வீஸ் விடும் சமயம் வந்துவிட்டது.

டியூ ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்றால் 'உரிய' என்று வைத்துக்கொள்ளுங்கள். இன் டியூ கோர்ஸ் என்றால் உரிய நேரத்தில், ஆபீஸ்காரர்கள் எழுதினால் எப்போது என்று கேட்காதே என்று அர்த்தம். டியூ ப்ராசஸ் என்றால் உரிய சட்ட நடைமுறை. நம் அரசியல் சட்டத்தின் வரைவில்கூட இந்தச் சொல் இருந்தது, 21ஆம் பிரிவை முடிவாக எழுதும்போது அதை எடுத்துவிட்டு 'சட்டம் வகுத்த நடைமுறை' என்று மாற்றிவிட்டார்கள். கலெக்டருக்கு மனு எழுதுகிறவர்கள் வித் டியூ ரெஸ்பெக்ட் என்று ஆரம்பிப்பது நம் ஊரில் மரியாதைதான், ஆனால் பேச்சில் ஒருவர் 'வித் ஆல் டியூ ரெஸ்பெக்ட்' என்று ஆரம்பித்தால் அடுத்து மறுத்துப் பேசப் போகிறார் என்று உஷாராகிவிடுங்கள்.

சரி, மகள் விஷயம். பழைய இலக்கணப்படி டியூ ஒரு பெயரடை, அது ஒரு பெயர்ச்சொல்லைச் சார்ந்துதான் நிற்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனதே, அதை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். 'தி டிலே வாஸ் டியூ டு ஃபிளட்ஸ்' என்றால் டியூ, டிலேயைச் சார்ந்து நிற்கிறது, யாரும் குறை சொல்ல முடியாது. 'தி ட்ரெயின் ஸ்டாப்ட் டியூ டு ஃபிளட்ஸ்' என்றால் டியூ காரணம் சொல்வது ட்ரெயினுக்கு இல்லை, ஸ்டாப்ட் என்ற வினைக்கு, அதனால் சார்ந்து நிற்கப் பெயர்ச்சொல் இல்லை என்று பழைய ஆட்கள் முகம் சுளிப்பார்கள். இன்றைக்கு அகராதிகள் இரண்டையுமே ஒப்புக்கொள்கின்றன, அதனால் உங்கள் மகள் எழுதியது தப்பு இல்லை, டீச்சர் கொஞ்சம் கறார், அவ்வளவுதான். நிஜமான தப்பு எது என்றால், 'டியூ டு ஐ ஹேட் ஃபீவர்' என்று பின்னால் முழு வாக்கியத்தை ஒட்டுவது. அந்த இடத்துக்கு பிகாஸ்தான் வேண்டும். மார்க் போகாமல் இருக்க 'மை ஆப்சென்ஸ் வாஸ் டியூ டு ஃபீவர்' என்றோ 'ஐ வாஸ் ஆப்சென்ட் பிகாஸ் ஆஃப் ஃபீவர்' என்றோ எழுதச் சொல்லுங்கள், அந்த டீச்சரும் சுழிக்க மாட்டார்.