மக்காச்சோளத்துக்குள் இவ்வளவு குப்பையா?

கேள்வி: தலைவாசல் பக்கம் மக்காச்சோளம் போடுகிறோம். அதன் டி.என்.ஏ.வில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான் திரும்பத் திரும்ப வருகிறது என்று கல்லூரியில் படிக்கும் மகள் சொல்கிறாள். அவ்வளவும் குப்பையா? எடுத்துவிட்டால் விளைச்சல் கூடுமா?
– ஒரு விவசாயி, சேலம் மாவட்டம்

பதில்: மகள் குறைத்தே சொல்லியிருக்கிறார். மக்காச்சோளத்தின் டி.என்.ஏ. சுமார் 230 கோடி எழுத்து நீளம். 2009-ல் அதைப் படித்து வெளியிட்டபோது கிட்டத்தட்ட 85 சதவீதம் தாவும் மரபணுக்களும் (டி.என்.ஏ.வுக்குள் இடம் விட்டு இடம் போகக்கூடிய துண்டுகள்) அவற்றின் மிச்சசொச்சமும்தான். பெரும்பாலானவை இருந்த இடத்தில் இருந்துகொண்டே தன்னை நகலெடுத்து வேறொரு இடத்தில் செருகிவிடும் ரகம், அதனால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். நெல்லும் புல் குடும்பம்தான், அதற்குச் சுமார் 40 கோடி எழுத்தே போதுமாக இருக்கிறது.

குப்பை என்று ஒதுக்க எனக்கு மனசு வரவில்லை. ஊதா மக்காச்சோளக் கதிர்களில் சில மணிகள் வெளுத்து, மேலே ஊதாப் புள்ளிகளோடு இருக்கும். நிறம் தரும் மரபணுவுக்குள் ஒரு தாவும் மரபணு போய் உட்கார்ந்தால் மணி வெளுத்துவிடும்; மணி வளரும்போது ஏதோ ஒரு செல்லில் அது கிளம்பிப் போய்விட்டால் அந்தச் செல்லும் அதன் வாரிசுகளும் மறுபடி ஊதா. சீக்கிரம் கிளம்பினால் பெரிய திட்டு, தாமதமானால் சின்னப் புள்ளி. (இது நகலெடுக்காமல் தானே பெயர்ந்து போகும் ரகம்.) 1940-களில் அமெரிக்காவில் பார்பரா மெக்ளின்டாக் என்ற விஞ்ஞானி இப்படிப்பட்ட மணிகளை வைத்துத்தான் தாவும் மரபணுக்களைக் கண்டுபிடித்தார், நோபல் பரிசு வந்தது 1983-ல், அவருடைய 81-ஆவது வயதில்! உங்கள் மஞ்சள் தீவனக் கதிரில் இதைத் தேட வேண்டாம்.

எடுத்துவிடலாமா? லட்சக்கணக்கில் சிதறிக் கிடப்பதை எங்கே போய்ப் பொறுக்குவது. அப்புறம், எல்லாமே வேண்டாதது இல்லை: செல்லுக்குள் டி.என்.ஏ.வைச் சுமக்கும் இழையான குரோமோசோமின் நுனியைத் தேயாமல் காப்பதே ஏழு எழுத்து திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடர்தான், செல் பிரியும்போது குரோமோசோமைப் பிடித்து இழுக்கும் இடத்திலும் இதே மாதிரி தொடர்கள் உண்டு. மீதியைச் செடியே பெரும்பாலும் வேலை செய்யவிடாமல் வாயடைத்து வைத்திருக்கிறது. விளைச்சலுக்கு நீங்கள் படைப்புழுவைக் கவனியுங்கள், போதும்.

கேள்வி: எங்கள் காபிச் செடியிலும் இது உண்டா?
– ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: உண்டு. 2014-ல் ரொபஸ்டாவைப் படித்தபோது பாதியளவு இதுதான். உங்கள் மலையில் அதிகம் பார்ப்பது அராபிகா. அது ரொபஸ்டாவும் யூஜெனியாய்டிஸ் என்ற இன்னொரு காபி இனமும் கலந்து பிறந்தது, இரண்டு பேர் சரக்கையும் சேர்த்தே சுமக்கிறது. அதனால்தான் அவற்றுக்கு 22 குரோமோசோம், இதற்கு 44.