கொமாகுசா: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

ஜப்பானின் எரிமலைச் சரிவுகளில் பூக்கும் கொமாகுசா என்ற சிறு செடியின் படத்தைப் போட்டிருந்தேன்; அதைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: படத்தில் வெறும் சரளைக்கல்தான் தெரிகிறது. அதில் எப்படிப் பிழைக்கிறது, அண்ணா?

பதில்: சரளை என்பதால்தான் பிழைக்கிறது! நீர் உறைந்து உருகும்போதும் காற்றடிக்கும்போதும் அந்தக் கற்கள் மெல்லச் சரிந்துகொண்டே இருக்கும். மற்றச் செடிகளின் வேர் அதில் நிலைக்காது. இதுவோ தரைக்கு மேலே பத்து சென்டிமீட்டர் போல இருந்துகொண்டு, வேரை அரை மீட்டருக்கும் ஆழமாக இறக்கிவிடும். சரிவு அடங்கி, மற்றச் செடிகள் வந்து மூடிக்கொண்டால் இதற்கு இடமில்லை. போட்டி போடத் தெரியாத செடி.

கேள்வி: எங்கே பார்க்கலாம்?

பதில்: என் தேர்வு வடக்கு ஜப்பானின் அகிதா கொமாகதாகே மலை (1,637 மீட்டர்). ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுவரை. அங்கே ஓயாகேசுனா என்ற சரிவில் கருமணல்மேல் இளஞ்சிவப்புப் பூக்கள் நிற்கும். குனிந்து பாருங்கள்: வெளி இதழ் இரண்டும் பின்னால் சுருண்டிருக்கும், இலை கொத்தமல்லியைவிடப் பொடியாகப் பிளந்து, சாம்பல் பூசியதுபோல இருக்கும். படத்துக்காகப் பாதையை விட்டு இறங்காதீர்கள். ஒரு காலடி பட்டாலே சரளை சரிந்து நாற்றுகள் புதைந்துவிடும்.

கேள்வி: வயிற்றுவலிக்கு மருந்தாமே?

பதில்: ஒன்தாகே மலைக்கு யாத்திரை போனவர்கள் அப்படித்தான் வாங்கிப் போனார்கள். பறித்துப் பறித்து அந்த மலையில் செடி கிட்டத்தட்ட அற்றே போனது. இதில் டைசென்ட்ரின் போன்ற ஆல்கலாய்டுகள் உண்டு, அதாவது நஞ்சு. வேண்டாம்.

கேள்வி: அப்போ எந்தப் பூச்சியும் கடிக்காதா?

பதில்: ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவின் தைசெத்சு மலையில் உசுபாகிச்சோ என்ற வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சி இருக்கிறது. அதன் புழுவுக்கு இந்த இலைதான் சாப்பாடு. அங்கே கோடை அவ்வளவு குறுகியது என்பதால் முதல் குளிர்காலம் முட்டையாக, அடுத்தது கூட்டுப்புழுவாகக் கழியும்; மூன்றாம் கோடையில்தான் சிறகு.

கேள்வி: நாமே வேறு மலைகளில் விதைத்துப் பரப்பினால் நல்லதுதானே, சார்?

பதில்: நல்ல மனசுதான், ஆனால் கூடாது. ஹொக்கைடோவின் தருமாயே மலையில் இது இயல்பாக இருந்ததில்லை. யாரோ கொண்டுவந்தது பரவி, கடைசியில் அந்நியச் செடி என்று பிடுங்கவேண்டியதாயிற்று. குசாத்சு என்ற ஊருக்குப் பக்கத்து எரிமலையில் ஊர்க்காரர்கள் நட்டு வளர்த்தது வேறு கதை. அங்கே முன்பே இருந்து அழிந்த செடியைத்தான் மீட்டார்கள். தொட்டியில் ஆசையென்றால் நர்சரி நாற்று வாங்குங்கள், ஆனால் வெப்பமான இரவுகளை அது தாங்காது.