குதிகாலில் தெரியும் கவனிப்பு

கேள்வி: என் அம்மாவுக்கு 81 வயது. பக்கவாதத்தால் வலது கையும் காலும் பலவீனம், பேச்சும் குழறல். படுக்கையும் சக்கர நாற்காலியுமாக இருக்கிறார். ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். ஞாயிறுதோறும் காலை 11 மணிக்குப் போய்ப் பார்க்கிறோம். இடம் பளிச்சென்று இருக்கிறது, பணியாளர்கள் சிரித்துப் பேசுகிறார்கள். ஆனால் அம்மா இளைத்துப்போனாற்போலத் தெரிகிறது. கேட்டால் 'நல்லாத்தான் இருக்கேன்' என்கிறார். கவனிப்பு சரியாக இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கேள்வி கேட்டால் அம்மாவிடம் கோபத்தைக் காட்டிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: ஞாயிறு காலை 11 மணி என்பது எந்த இல்லமும் தன் நல்ல முகத்தைக் காட்டும் நேரம். குளிப்பாட்டி, உடை மாற்றி, தலைவாரி உட்கார வைத்திருப்பார்கள். அந்த நேரத்தை முதலில் மாற்றுங்கள். ஒருமுறை காலை 7 மணிக்கு, ஒருமுறை சாப்பாட்டு வேளையில், ஒருமுறை இரவு 8 மணிக்கு மேல், முன்கூட்டிச் சொல்லாமல் போங்கள். எப்போதாவது 'இப்போது பார்க்க முடியாது' என்றால் குற்றமில்லை. எப்போதுமே அப்படித்தான் என்றால் அதுவே ஒரு தகவல்.

போனதும் அம்மாவின் உடலைப் பாருங்கள், பிறகு அவருக்கான பதிவேட்டைப் பாருங்கள். இரண்டும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்பதுதான் கேள்வி. முதியோர் இல்லங்களை ஆய்வு செய்பவர்களும் அடிப்படையில் இதைத்தான் செய்கிறார்கள்.

உடலில் முதலிடம் தோலுக்கு. 'உடை மாற்ற நான் உதவுகிறேன்' என்று சொல்லி, அம்மாவின் சம்மதத்தோடு, கதவைச் சாத்திவிட்டுப் பாருங்கள். குதிகால்கள், முதுகின் அடியில் வால் எலும்புப் பகுதி, இடுப்பின் இரு பக்கங்கள், கணுக்கால் எலும்பு ஆகியவற்றில் அழுத்தம் தங்கும். சிவந்த இடத்தை விரலால் சில நொடி அழுத்தி எடுங்கள். வெளிறி மீண்டும் சிவந்தால் ரத்த ஓட்டம் இருக்கிறது. வெளிறாமல் அப்படியே இருந்தால் அது படுக்கைப்புண்ணின் முதல் கட்டம். கருத்த தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள தோலைவிட அந்த இடம் கருத்தோ ஊதாவாகவோ, சூடாகவோ, கல் போலக் கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்து மசாஜ் செய்யக் கூடாது. உள்ளே நைந்திருக்கும் திசு இன்னும் நைந்துபோகும். நடுவில் ஓட்டை உள்ள வளைய வடிவ மெத்தையும் வேண்டாம். அது விளிம்பில் அழுத்தி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும்.

படுக்கையில் இருப்பவரை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது பொதுவான வழக்கம். ஆளைப் பொறுத்தும் மெத்தையைப் பொறுத்தும் இது மாறலாம். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும், இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். நான்கு மணி நேரம் நகராமல் உட்கார்ந்திருப்பதும் அழுத்தம்தான். காற்று மெத்தை போட்டிருந்தால் மோட்டார் ஓடுகிறதா, அதன் திருகு அம்மாவின் எடைக்கு வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். மெத்தைக்கு அடியில் இடுப்புக்கு நேராகக் கையைச் செருகும்போது எலும்பு தட்டுப்பட்டால் காற்று போதவில்லை. அதன் மேல் மூன்று நான்கு விரிப்பை மடித்துப் போட்டிருந்தால் மெத்தை இருந்தும் பயனில்லை.

'பிரேடன் மதிப்பெண் எவ்வளவு?' என்று நர்ஸிடம் கேளுங்கள். படுக்கைப்புண் வரும் ஆபத்தை அளக்க 1987 முதல் பயன்பாட்டில் உள்ள அளவுகோல் அது. உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, ஊட்டம், உராய்வு என ஆறு அம்சங்களைச் சேர்த்து 6 முதல் 23 வரை மதிப்பெண் போடுவார்கள். 18-ம் அதற்குக் கீழும் ஆபத்து. அவர்கள் வேறு அளவுகோல் வைத்திருந்தாலும் சரிதான். எதுவுமே போட்டதில்லை என்றால், யாரும் உட்கார்ந்து யோசிக்கவில்லை என்று பொருள்.

அடுத்தது நீங்கள் சொன்ன இளைப்பு. கண்ணை நம்பாதீர்கள், எடைப் பதிவைக் கேளுங்கள். மாதம் ஒருமுறையாவது எடை பார்த்திருக்க வேண்டும். ஒரு மாதத்தில் 5 சதவீதம் அல்லது ஆறு மாதத்தில் 10 சதவீதம் குறைந்தால் மருத்துவர் காரணம் தேட வேண்டிய நிலை. சேர்க்கும்போது 50 கிலோ இருந்தவர் ஒரு மாதத்தில் இரண்டரை கிலோ இழந்தாலே அந்த எல்லை வந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஒரே கருவியில், ஏறக்குறைய ஒரே மாதிரி உடையில் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். கால் வீக்கம் இருந்தால் எண்ணை அப்படியே நம்ப முடியாது. சதை குறைந்தாலும் நீர் அதை மறைத்துவிடும். பல்செட் தளர்ந்திருப்பது, மோதிரம் கழன்று விழுவது போன்றவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

இளைப்புக்கான காரணம் பெரும்பாலும் சாப்பாட்டு வேளையிலேயே தெரிந்துவிடும். பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவது கடினமாக இருக்கலாம். முழுக்க நிமிர்ந்து உட்கார வைத்து, ஊட்டுபவர் எதிரில் தானும் உட்கார்ந்து, சின்னக் கரண்டியில், முன்னது இறங்கிய பிறகே அடுத்த வாய் தர வேண்டும். நின்றுகொண்டே ஊட்டினால் அம்மா தலையை அண்ணாந்துதான் வாங்க வேண்டியிருக்கும்; அப்படி வாங்கினால் புரையேறும். சாப்பிட்டதும் இருமல், குரலில் ஈரக் கரகரப்பு, பலவீனமான பக்கக் கன்னத்தில் உணவு தங்குவது ஆகியவை உணவு மூச்சுக்குழாய்க்குள் போகும் அறிகுறிகள். இப்படியும் நிமோனியா வரும். விழுங்கும் திறனைப் பேச்சுப் பயிற்சி நிபுணர் பரிசோதித்தாரா, எந்தப் பதத்தில் உணவு தரச் சொன்னார் என்று கேளுங்கள். சாப்பிட்டு அரை மணி நேரமாவது நிமிர்ந்தே இருக்கட்டும். பிறகு கட்டிலின் தலைப்பக்கத்தை 30 டிகிரிக்குள் இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் உயர்த்தியே வைத்திருந்தால் உடல் மெல்லச் சறுக்கி வால் எலும்புத் தோல் உராயும்.

தண்ணீர்க் குவளை அம்மாவின் இடது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா? வலது பக்கம் வைத்துவிட்டு 'குடிக்க மாட்டேங்கிறார்' என்று எழுதியிருப்பதும் நடக்கும். இதய, சிறுநீரகக் காரணங்களால் மருத்துவர் குறைக்கச் சொல்லாதவரை, வயதான பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1.6 லிட்டர் பானங்களாவது வேண்டும். தோலைக் கிள்ளிப் பார்க்கும் சோதனை முதியோரிடம் பயன்படாது, அந்த வயதில் தோல் எப்படியும் தொளதொளப்பாகத்தான் இருக்கும். அடிக்கடி கழிவறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று அம்மாவே தண்ணீரைக் குறைத்துக்கொள்வதும் உண்டு. அப்படியானால் மணி அடித்தால் யாரும் வருவதில்லை என்று அர்த்தமா என்று பாருங்கள். அறையில் இருக்கும்போதே மணியை அழுத்திவிட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள்.

வாசனையைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஏதோ ஓர் அறையில் புதிதாக மூத்திர வாடை வந்தால் இப்போதுதான் நனைந்திருக்கிறது என்று பொருள். மெத்தையிலும் திரைச்சீலையிலும் ஊறிய பழைய வாடைதான் கவலைக்குரியது. மூக்கைத் துளைக்கும் பினாயில் வாடையையும் நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இனி பதிவேடு. காலை 11 மணிக்கு நீங்கள் பார்க்கும்போது பிற்பகல் 2 மணிக்கான 'திருப்பிவிட்டோம்' கையெழுத்தும் இருந்தால் அது பொய். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, நிமிஷம் பிசகாமல் 8, 10, 12 என்று நாள் முழுக்க வரிசையாக இருந்தால் ஷிப்ட் முடிவில் உட்கார்ந்து நிரப்பியது. உண்மையாக எழுதிய பதிவேடு கொஞ்சம் கோணல்மாணலாகவே இருக்கும். அதோடு டூட்டிப் பட்டியலையும் ஒப்பிடுங்கள். அம்மாவைத் திருப்ப இருவர் வேண்டும் என்று எழுதிவிட்டு, இரவில் அந்தத் தளத்துக்கு ஒரே ஒருவரைப் போட்டிருந்தால், இரவு முழுக்க திருப்பியதாகப் போட்ட கையெழுத்துகள் எப்படி வந்தன?

மாத்திரைச் சார்ட்டில் காலிக் கட்டங்களைத் தேடுங்கள். கொடுக்காவிட்டால் ஏன் என்று எழுதியிருக்க வேண்டும். மாத்திரையை விழுங்க முடியாமல் பொடித்துத் தருகிறார்களா என்று கேளுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடித்தால் முழு வீரியமும் ஒரேயடியாக இறங்கும். பகலிலும் அம்மா தூங்கி வழிந்தால் புதிதாக என்ன மருந்து சேர்த்தார்கள் என்று பாருங்கள். மறதி நோய் உள்ள முதியோரை அடக்கி வைக்க மனநோய் மருந்துகளைப் பயன்படுத்துவது மரண ஆபத்தைக் கூட்டும் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ 2005-லேயே எச்சரித்தது. உங்கள் அம்மாவுக்கு மறதி இல்லை என்றாலும், எந்தத் தூக்க மருந்துக்கும் காரணமும், மறுபரிசீலனை செய்யும் தேதியும் இருக்க வேண்டும்.

காயங்களில், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் வரும் சின்னக் கன்றல்கள் நாற்காலி இடித்தும் வரும். மேல்கையின் உட்புறம் விரல் பதிந்த வடிவில் இருந்தால் யாரோ இறுகப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். விழுந்தார் என்றால் நேரம், இடம், யார் பார்த்தது, உங்களுக்கு எப்போது சொன்னார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பக்கவாதத்துக்காக ரத்தத்தை இளக்கும் மருந்து சாப்பிடுபவர் தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லாவிட்டாலும் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உள்ளே கசிவது நாள் கழித்தும் தெரியலாம்.

உங்கள் பயம் நியாயமானது. அதனால் உதவியாளர் மேல் பாயாதீர்கள். இரவில் தனி ஆளாக ஓடுபவர் அவரேதான். குதிகாலில் சிவப்பு கண்டால் தேதி போட்டுப் படம் எடுத்துக்கொண்டு பொறுப்பு நர்ஸிடம் போங்கள். 'நீங்கள் கவனிப்பதில்லை' என்று ஆரம்பித்தால் அவர்கள் தற்காப்புக்குப் போய்விடுவார்கள். 'குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைக்க வேண்டும், இன்றே பராமரிப்புத் திட்டத்தில் சேர்த்துவிடுவீர்களா?' என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டதை அன்றே குறுஞ்செய்தியாக எழுதி அனுப்புங்கள். இரண்டு நாள் கழித்து, இரவு 8 மணிக்கு மேல், போர்வையை விலக்கித் தலையணை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த பேச்சு நிர்வாகியிடம். அவரும் அசையவில்லை என்றால், படத்தையும் குறுஞ்செய்தியையும் எடைப் பதிவையும் சேர்த்து, இல்லங்களைக் கண்காணிக்கும் அரசு அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். தோல் கிழிந்திருந்தாலோ, கறுத்திருந்தாலோ, திடீரென்று குழப்பமும் காய்ச்சலும் வந்தாலோ இந்த வரிசைக்கெல்லாம் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.