ஜோக்குன்னு சொல்லிட்டா வலிக்காதா?

கேள்வி: எங்க சர்ச் செல் குரூப்ல (வாராவாரம் கூடி ஜெபிக்கிற சின்னக் குழு) நாங்க ஒரே இந்தியக் குடும்பம். போன மாசம் ஆளுக்கொரு சாப்பாடு கொண்டு வர்ற பாட்லக்ல ஒரு பிரதர் என் பையனைப் பாத்து "லைட்டை அணைச்சா இவன் பல்லு மட்டும்தான் தெரியும்"னாரு, எல்லாரும் சிரிச்சாங்க. லீடர்கிட்ட சொன்னா, "கிறிஸ்துவுக்குள்ள இனமே இல்ல சிஸ்டர், மன்னிச்சு விட்ருங்க"ங்கிறாரு. பிரைமரி மூணு படிக்கிற பையன் இப்ப வெள்ளிக்கிழமை ஆனாலே வயிறு வலிங்கிறான். தமிழ் சர்ச்சுக்கே போயிடவா?
- ஒரு சகோதரி, ஈசூன்

பதில்: சிஸ்டர், படிச்சதும் எனக்கே தொண்டை அடைச்சிருச்சு. நீங்க ஓவர் சென்சிட்டிவ் இல்ல, முதல்ல அதை மனசுல வச்சுக்குங்க.

லீடர் சொன்னது கலாத்தியர் 3:28, யூதனும் இல்ல கிரேக்கனும் இல்லங்கிற வசனம். நல்ல வசனம்தான், ஆனா அதே நிருபத்துல ஒரு அதிகாரம் முன்னால போய்ப் பாருங்க, அந்தியோகியால பேதுரு புறஜாதியாரோட, அதாவது யூதரல்லாதவங்களோட, ஒண்ணா உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தவரு, எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபுகிட்டேருந்து யூத ஆளுங்க வந்ததும் பயந்து விலகிட்டாரு, பவுல் என்ன "நாமெல்லாம் ஒண்ணுதானே"ன்னு விட்டாரா, எல்லார் முன்னாடியும் முகத்துக்கு நேரா கேட்டாரு. அதுவும் ஒரு சாப்பாட்டு விஷயம்தான். அந்தச் சண்டையை எழுதினவர்தான் அப்புறம் 3:28ஐயும் எழுதுறாரு, அதனால அந்த வசனத்தை வச்சு உங்க வாயை அடைக்கிறது சரியே இல்ல.

நம்ம சிங்கப்பூர்ல இனம்னாலே எல்லாரும் பயப்படுறது எனக்குப் புரியுது. 1964 ஜூலை 21 சீன-மலாய் கலவரத்தை நினைச்சுதான் இன்னிக்கும் ஸ்கூல்ல அந்தத் தேதியில இன நல்லிணக்க நாள் வைக்கிறாங்க. ஆனா பிள்ளைங்க ஒரு நாள் மலாய் பாஜு குரோங்கும் சேலையும் கட்டிட்டு வர்றதோட பெரியவங்க பேச்சு முடிஞ்சுபோயிடுது.

அந்த பிரதர்கிட்ட நீங்களோ உங்க வீட்டுக்காரரோ தனியா பேசுங்க, மத்தேயு 18:15ல சொன்னபடி. வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க, நேர்ல ஒரு கோப்பி குடிச்சுக்கிட்டே "நீங்க கெட்டவர்னு சொல்ல வரல, ஆனா அந்தப் பேச்சுக்கப்புறம் என் பிள்ளை வர மாட்டேங்கிறான்"னு நடந்ததை மட்டும் சொல்லுங்க. முக்காவாசிப் பேருக்கு இது வலிக்கும்னே தெரியறதில்ல. அவரு கேக்கலைன்னா ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போங்க, அப்புறம் பாஸ்டர். மன்னிக்கிறது உங்க மனசுல நடக்கும், ஒப்புரவாக அவரும் ஒரு அடி எடுத்து வைக்கணும்.

இன்னொண்ணு, கோவிச்சுக்காதீங்க. "வெயில்ல நிக்காத, கருத்துடுவே"ன்னு உங்க பையன் முதல்ல கேட்டது யார்கிட்ட? பெரும்பாலும் நம்ம வீட்டுலதான். தமிழ் சர்ச்னா தானா பாதுகாப்புன்னும் நினைக்காதீங்க, தமிழ்நாட்டுல வடக்கன்குளத்துல சாதிக்கு ஒரு பக்கம்னு ரெண்டு பிரிவா கோயிலே கட்டினவங்க நாம. தமிழ்ல ஜெபிக்க ஆசைன்னா ஷார்ட் ஸ்ட்ரீட் தமிழ் மெதடிஸ்ட் சர்ச்சுக்குத் தாராளமா போங்க, சந்தோஷம். காயத்தோட ஓடிப் போறதுன்னா மட்டும் பேசிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

பையன்கிட்ட இன்னிக்கு ராத்திரியே பேசுங்க, அந்த அங்கிள் சொன்னது தப்பு, அன்னிக்கு அம்மா சும்மா இருந்ததும் தப்பு, இப்ப போய்ப் பேசப்போறேன்னு. பேசிட்டு வந்ததும் என்ன ஆச்சுன்னு அவன்கிட்டயும் சொல்லுங்க.