கட்டைக்கோரையின் மேல் படியும் பசை நோயா?

கேள்வி: ராமேஸ்வரம் அருகே மண்டபம் பக்கம் மிதவை கட்டிக் கப்பாபைகஸ் என்னும் சிவப்புக் கடற்பாசியை வளர்க்கிறேன். நாற்று எடுத்துப் பார்க்கலாம் என்று கட்டைக்கோரைப் பாசியைக் கடல்நீர்த் தொட்டியில் இட்டேன். இலைக்கக்கத்துக் கொத்துகளின் மேல் வழுவழுப்பான பசையும் பழுப்புப் புள்ளிகளும் தோன்றின. நோய் என்று நினைத்து நன்னீரில் அலசினேன்; பிறகு ஒன்றும் முளைக்கவில்லை. என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: நீங்கள் அலசி ஊற்றியவை பெரும்பாலும் முட்டைகளாகவே இருக்கும். கட்டைக்கோரை எனப்படும் சர்காசம் என்ற பழுப்புப்பாசியின் இனப்பெருக்கக் கொத்துகளில் உள்ள நுண்துளைகள் வழியே வெளிவரும் முட்டைகள் உடனே நீரில் விழுவதில்லை. அவற்றோடு சுரக்கும் பசை கொத்தின் மேலேயே பிடித்து வைத்திருக்க, அங்கேயே கருவுற்று, செல் பிரிந்து வளரத் தொடங்கிய பிறகுதான் உதிர்கின்றன. கப்பாபைகஸைத் துண்டு கட்டி 45 நாளில் அறுத்துவிடுவதால் இந்தப் பருவத்தைப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்திருக்காது. நன்னீர் பட்டது இரண்டாவது கேடு.

பழுப்புப்பாசிகளில் கண்ணுக்குத் தெரியாத சுரப்பும் உண்டு. எக்டோகார்ப்பஸ் என்னும் நூல்போன்ற பாசியின் பெண் அணு ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டதும், நீந்திவரும் ஆண் அணுக்களை ஈர்க்கும் ஒரு பொருளை வெளியிடுகிறது. வளர்ப்புக் கலத்தைத் திறந்தால் நறுமணமாகவே வீசும் அதன் வேதி அமைப்பை ஜெர்மனியின் டீட்டர் முல்லர் குழுவினர் 1971இல் வெளியிட்டனர். கெல்ப் எனப்படும் பெரிய பழுப்புப்பாசிகளின் முட்டை சுரக்கும் லாமாக்சிரீன் இன்னும் ஒரு படி மேலே போய், விந்தணுப்பைகளையே வெடித்துத் திறக்கச் செய்கிறது. இவை எளிதில் ஆவியாகும், நீரில் அரிதாகவே கரையும் கரிமச் சேர்மங்கள் என்பதால், முட்டைக்கு மிக அருகில் மட்டுமே வேலை செய்யும். குளிர்கடல் ஃபியூகஸ் பாசி அலை அடங்கிய வேளை பார்த்தே முட்டையும் விந்தணுவும் விடுவதற்கு, நீரோட்டத்தில் அவை சிதறிவிடும் என்பதே காரணம்.

ஆகவே புள்ளிகள் தென்பட்டதும் காற்றுக்குழாயை மிக மெதுவாக்குங்கள். அவை உதிரும்வரை நீரை மாற்றாதீர்கள். ஆண், பெண் தனித்தனிச் செடிகளாக உள்ள இனங்களும் இருப்பதால், ஒரே செடியை நம்பாமல் முதிர்ந்த கொத்துள்ள பல செடிகளை ஒன்றாக இடுவது நல்லது. அவற்றுக்காக மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் தீவுகளில் கை வைக்க வேண்டாம். கரையொதுங்கும் புதுச் செடிகளே போதும். தொட்டியின் அடியில் சொரசொரப்பான சிமெண்ட் வில்லைகளைப் பரப்பிவையுங்கள். வழுக்கும் தளத்தில் உதிரும் கருக்கள் வேரிழை பிடிக்காமல் அடுத்த நீர்மாற்றத்தில் போய்விடும்.