24, 37, 53: சிஸ்டர்கள் ஏன் கிளம்புகிறார்கள்?

கேள்வி: தஞ்சாவூர் பக்கம் 120 படுக்கை தனியார் மருத்துவமனையில் நர்சிங் சூப்பிரண்டாக இருக்கிறேன். ஆறு மாதத்தில் மூன்று பேர் ராஜினாமா கொடுத்திருக்கிறார்கள். வயது 24, 37, 53. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை" என்கிறது நிர்வாகம். மற்ற இருவரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்களே. என்ன செய்யலாம்?

பதில்: பொறுமைப் பேச்சு கிடக்கட்டும். கடந்த மூன்று மாத ரோஸ்டரை (டியூட்டி அட்டவணையை) எடுத்து, மூவருக்கும் எத்தனை நைட் விழுந்தது, எத்தனை ஆஃப் ரத்தானது என்று எண்ணிப் பாருங்கள்.

24 வயதுப் பெண் கணக்குப் போட்டுத்தான் வந்திருப்பார்: கொஞ்சம் அனுபவம், பிறகு வெளிநாட்டு வேலைக்கான ஓஇடி ஆங்கிலத் தேர்வு, ஜெர்மன் மொழி அல்லது தமிழக அரசு மருத்துவமனை வேலைக்கான எம்ஆர்பி தேர்வு. அதைத் தடுக்கக் கூடாது. ஆனால் எட்டாம் மாதம் போகிறாரா, இரண்டு வருடம் கழித்தா என்பது உங்கள் கையில் இருக்கிறது. சேர்ந்த புதிதில் நைட்டில் பன்னிரண்டு நோயாளிகளோடு தனியாக விட்டால் யாரும் ஓடத்தான் செய்வார்கள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கிப் பூட்டி வைத்திருந்தால் இன்றே திருப்பிக் கொடுங்கள். அந்தச் செய்தி கல்லூரி வாட்ஸ்அப் குழுவுக்கு எப்போதோ போயிருக்கும். சம்பளம் மட்டும்தான் காரணம் என்றும் நினைக்க வேண்டாம். 2015இல் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்துக்கே ஆயிரக்கணக்கானோர் அரசு வேலைக்குப் போனார்கள், பின்னால் நிரந்தரமாகும் என்ற நம்பிக்கையில்.

அதற்காகச் சம்பளத்தை மறந்துவிடவும் முடியாது. உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னபடி அமைந்த நிபுணர் குழு, 100 படுக்கைக்கு மேற்பட்ட மருத்துவமனையில் நர்ஸ் சம்பளம் அரசுச் சம்பளத்தைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. உங்கள் நிர்வாகத்தின் முன் வைக்க நல்ல தாள் அது.

எனக்கு அதிகம் கவலை தருவது 37 வயதுக்காரர்தான். நைட் முடிந்து காலை எட்டு மணிக்கு ஹேண்டோவர், அதாவது அடுத்த ஷிஃப்டிடம் பொறுப்பை ஒப்படைப்பது, என்று பெயர். கேஸ் ஷீட் எழுதி முடிக்கவே ஒன்பது ஆகிவிடும். பஸ் பிடித்து வீடு போய், சமைத்து, துணி அலசிப் படுக்கும்போது மணி பன்னிரண்டு. நாலு மணிக்குப் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிடும். இப்படி மூன்று நைட் தொடர்ந்தால் நாலாவது நாள் மருந்து அளவில் கை தவறுமோ என்று அவருக்கே பயம் வரும். அந்தப் பயத்தில்தான் பல பேர் விடுகிறார்கள், வெளியே சொல்வதில்லை. அடுத்த மாத ரோஸ்டரை இருபதாம் தேதியே ஒட்டுங்கள். கடைசி நேரத்தில் மாற்றினால் அதற்கு ஈடாக ஒரு நாள் விடுப்பு கொடுங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம் என்று 2017 முதல் சட்டமே இருக்கிறது. உங்களிடம் இருக்கிறதா?

53 வயதுக்காரருக்கு முட்டியும் இடுப்பும் வலிக்கும், உண்மை. ஆனால் புது சாஃப்ட்வேரில் தடுமாறும்போது டியூட்டி டாக்டர் எதிரே ஜூனியர் திருத்துவது அதைவிட வலிக்கும். நீர் வற்றிய குழந்தைக்கு ஒரே குத்தில் ஐவி போடுகிற கை அது. புதியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் பொறுப்பைக் கொடுங்கள். அதை ட்யூட்டி நேரமாகவே கணக்கில் சேருங்கள்.

ராஜினாமா கடிதத்தில் மூவருமே "குடும்பச் சூழ்நிலை" என்றுதான் எழுதியிருப்பார்கள். ரோஸ்டர் போடும் பொறுப்பில் இல்லாத ஒருவரை, டீ நேரத்தில் அவர்களிடம் பேசச் சொல்லுங்கள். நோட்டீஸ் காலம் முடியாதிருந்தால், முதலில் 53 வயது சிஸ்டரிடம்.