பதில்: சிஷன் கழிவுச் சேறு டிரம் காந்தத்தில் ஒட்டவில்லை

தென்னாப்பிரிக்காவின் சிஷன் இரும்புச் சுரங்கத்துக் கழிவுச் சேற்றைச் சுழலும் காந்த டிரம்மில் ஓட்டியும் தாது ஒட்டவில்லை என்று கேட்டிருந்தீர்கள். டிரம்மில் கோளாறு இல்லை. காந்தத்தை மாற்றுங்கள், அல்லது மண்ணை வறுத்துவிட்டு ஓட்டுங்கள். சிஷன் தாது ஹேமடைட், அதாவது காந்தம் லேசாகவே ஈர்க்கும் இரும்புத் தாது. ஆயிரம் காஸ் (காந்தப் புலத்தை அளக்கும் அலகு) அளவுள்ள டிரம், காந்தத்தில் வலுவாக ஒட்டும் இரும்புத் தாதுவான மேக்னடைட்டை மட்டும்தான் பிடிக்கும். ஹேமடைட்டுக்குப் பத்தாயிரம் காஸ் அளவில் ஈரவகைக் காந்தப் பிரிப்பான் (சேற்றைத் தண்ணீரோடு ஓட்டிப் பிரிப்பது) வேண்டும். டர்பன் நகருக்கு மூட்டைகளை ஏற்றுவதற்கு முன்னால் இந்த இரண்டு சோதனைகளையும் செய்து பாருங்கள்.

1. டைல்ஸின் பளபளப்பில்லாத பின்பக்கத்தில் காய்ந்த மண்ணைத் தேயுங்கள். கோடு செம்பழுப்பாக விழுந்தால் ஹேமடைட், கறுப்பாக விழுந்தால் மேக்னடைட்.

2. வறுத்தால் ஹேமடைட் மேக்னடைட்டாக மாறும். அதைச் சோதிக்க, 100 கிராம் மண்ணுடன் 8 கிராம் நிலக்கரித்தூள் கலந்து, மூடிய மூசையில் 700 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். மூடியைத் திறக்காமலே ஆறவிடுங்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப்பட்டு மறுபடி சிவந்துவிடும், பலர் இங்கேதான் கோட்டைவிடுகிறார்கள். பிறகு ஆறிய மண்ணைத் தண்ணீரில் கலக்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய காந்தத்தை அதற்குள் விட்டுப் பாருங்கள். கறுப்பாக மீசைபோல் ஒட்டினால் வறுப்பது வேலை செய்கிறது.

வெட்டவெளியில் செய்யுங்கள், கார்பன் மோனாக்சைடு வரும்.

20 மைக்ரானுக்குக் கீழான நைஸ் சேற்றை முதலிலேயே கழுவி நீக்கிவிடுங்கள். அது களிமண்ணையும் சேர்த்து இழுத்துவந்து தரத்தைக் கெடுக்கும். தென்னாப்பிரிக்காவின் புஷ்வெல்டுப் பகுதிச் சுரங்கக் கழிவுக்கு இந்த முறை பொருந்தாது: அது நன்றாக ஒட்டும், ஆனால் டைட்டானியம் படிகத்துக்குள்ளேயே இருப்பதால் காந்தத்தால் பிரியாது.